ஓட்டம் முடிந்ததும் 'ஜீரோ' பீர் நல்லதா? கீரிப்பாறை சாலையில் போட்டுப் பார்த்த ஒரு வியர்வைக் கணக்கு

நாகர்கோவிலில் இருந்து பூதப்பாண்டி, தடிக்காரன்கோணம் வழியாகக் கீரிப்பாறைக்குப் போகும் சாலையில் ஞாயிற்றுக்கிழமை காலை போய்ப் பாருங்கள். ஹெல்மெட்டும் இறுக்கமான டீ-ஷர்ட்டுமாகச் சைக்கிள் மிதித்துக்கொண்டு இளைஞர்கள் போவார்கள். வயல், வாழை, தென்னை முடிந்து ரப்பர் தோட்டம் தொடங்கும்போது வெயில் குறையும். ஆனால் வியர்வை குறையாது, கூடும். மரங்களுக்கு நடுவே காற்றில் அவ்வளவு ஈரம். வியர்த்தது காயாமல் சட்டையோடு ஒட்டிக்கொள்ளும். காளிகேசம் ஆற்றில் காலை நனைக்கும் வரை நிம்மதி இல்லை.

அப்படிப் போன ஒரு நாள், எங்களோடு வந்த நண்பன் பையில் இருந்து ஒரு கேனை எடுத்து 'டப்' என்று திறந்தான். பெங்களூரில் ஐ.டி. வேலை, லீவுக்கு ஊருக்கு வந்தவன். டீக்கடைக்காரர் திடுக்கிட்டுப் பார்த்தார்.

"லேய் மக்கா, காலையிலேயேவா?"

"அய்யோ அண்ணாச்சி, இதுல போதை கிடையாது. ஜீரோ. மிதிச்சு முடிச்சதும் குடிச்சா உடம்பு சீக்கிரம் ரெக்கவர் ஆகும். ஜெர்மனிக்காரன் ஒலிம்பிக்ஸ்லயே இதைத்தான் குடிக்கான்."

அண்ணாச்சி கேனை வாங்கித் திருப்பித் திருப்பிப் பார்த்துவிட்டுச் சொன்னார்: "போதை இல்லாத பீரா? அப்போ இது நம்ம அக்கானி கணக்காக்கும்னு சொல்லு."

எல்லோரும் சிரித்தோம். ஆனால் யோசித்துப் பார்த்தால், 'ஆல்கஹால் இல்லாத பீர்' என்பதற்கு இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடைக்காது. மற்ற மாவட்டத்துக்காரர்களுக்கு: அக்கானி என்றால் பதநீர். கன்னியாகுமரி மாவட்டத்தில் அதுதான் பெயர். பனையில் வடிவது ஒன்றுதான். கலயத்துக்குள் சுண்ணாம்பு தடவியிருந்தால் அக்கானி, தடவாமல் விட்டால் சில மணி நேரத்தில் கள்.

சரி, நண்பன் சொன்னது உண்மையா? ஜிம்மில், ஓட்டக் குழுக்களில், ரீல்ஸில் எல்லாம் இப்போது சுற்றும் விஷயம் இது. 'வியர்த்த பிறகு ஜீரோ பீர்தான் பெஸ்ட், அதில் எலக்ட்ரோலைட் இருக்கு, தசை வீக்கம் குறையும்.' பாதி உண்மை. எந்தப் பாதி என்பதுதான் கேள்வி.

முதலில், கேனுக்குள் என்ன இருக்கிறது?

இரண்டு விதமான பானங்கள் ஒரே அலமாரியில் ஒரே மாதிரிப் பெயரோடு நிற்கின்றன. ஒன்று, நிஜமாகவே பீராகக் காய்ச்சி நொதிக்க வைத்து, பிறகு ஆல்கஹாலை வெளியே எடுத்தது. காற்றழுத்தத்தைக் குறைத்தால் ஆல்கஹால் குறைந்த சூட்டிலேயே ஆவியாகிவிடும், சுவை கெடாது. சில ஆலைகள் மிக நுண்ணிய சவ்வு வழியே வடிகட்டுகின்றன. இன்னும் சில, நொதித்தலையே பாதியில் நிறுத்திவிடுகின்றன. கலயத்துக்குள் சுண்ணாம்பு செய்வதும் ஏறக்குறைய இந்த வேலைதான்.

இன்னொன்று, நொதிக்கவே நொதிக்காதது. மால்ட் சாறு, சர்க்கரை, எலுமிச்சையோ பீச்சோ ஏதோ ஒரு சுவை, கேஸ். லேபிளில் 'நான்-ஆல்கஹாலிக்' என்றிருக்கும், சுவைக்குக் கிட்டத்தட்ட சோடா. கெட்டது என்று சொல்லவில்லை. ஆனால் நாம் கீழே பார்க்கப்போகும் ஆராய்ச்சிகள் எதுவும் இந்த இரண்டாவது வகையை வைத்து நடந்தவை அல்ல.

'ஜீரோ' என்ற சொல்லையும் கொஞ்சம் கவனிக்க வேண்டும். இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிப்படி 0.5 சதவீதத்துக்கு மேல் ஆல்கஹால் இருந்தால்தான் அது மதுபானம். ஆக, 'ஆல்கஹால் இல்லாதது' என்பதில் 0.5 சதவீதம் வரை இருக்கலாம். '0.0' என்று போடுபவை அதைவிடக் கீழே. அரை சதவீதத்தில் யாருக்கும் போதை ஏறாது. நன்றாகப் பழுத்த வாழைப்பழத்திலும், திறந்து வைத்த பழச்சாறிலும்கூடத் துளி ஆல்கஹால் இருக்கும். ஆனால் சிலருக்கு அந்தத் துளியும் முக்கியம். அவர்களைப் பற்றிக் கடைசியில்.

மியூனிக் மாரத்தான் சொன்னதும் சொல்லாததும்

இந்தப் பேச்சு முழுக்க ஒரே ஓர் ஆய்வில் இருந்து பிறந்தது என்றே சொல்லலாம். 2009-ல் ஜெர்மனியின் மியூனிக் மாரத்தானில் ஓடிய ஆண்களை வைத்து, மியூனிக் தொழில்நுட்பப் பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த யோஹானஸ் ஷெர் தலைமையிலான குழு ஒரு சோதனை நடத்தியது. மொத்தம் 277 பேர். பாதிப் பேருக்கு ஆல்கஹால் நீக்கிய கோதுமை பீர். மீதிப் பேருக்குச் சுவையில் அதே மாதிரி இருக்கும், ஆனால் பாலிஃபினால் நீக்கப்பட்ட போலி பானம். யாருக்கு எது என்று குடித்தவருக்கும் தெரியாது, கொடுத்தவருக்கும் தெரியாது. போட்டிக்கு மூன்று வாரம் முன்பு தொடங்கி, முடிந்து இரண்டு வாரம் வரை, தினமும் ஒன்று முதல் ஒன்றரை லிட்டர்.

பாலிஃபினால் என்பது தாவரங்களில் இருக்கும் ஒரு பெரிய வேதிப்பொருள் குடும்பம். தேயிலை, திராட்சை, கொக்கோ, மஞ்சள் எல்லாவற்றிலும் அதன் உறுப்பினர்கள் உண்டு. பீரில் அது மால்ட்டில் இருந்தும், கசப்புக்குச் சேர்க்கும் ஹாப்ஸ் பூவில் இருந்தும் வருகிறது.

முடிவு 2012-ல் வெளிவந்தது. பீர் குடித்தவர்களுக்கு ஓட்டம் முடிந்த உடனே ரத்தத்தில் அழற்சியைக் காட்டும் இன்டர்லூகின்-6 அளவு குறைவாக இருந்தது. வெள்ளை அணுக்களின் எண்ணிக்கை சுமார் 20 சதவீதம் குறைவு. அடுத்த இரண்டு வாரங்களில் சளி, தொண்டைவலி மாதிரியான சுவாசத் தொற்று வந்தது மற்ற குழுவைவிட 3.25 மடங்கு குறைவு. மாரத்தான் ஓடியவர்களுக்குத் தெரியும், ஓடி முடித்த வாரத்தில் சளி பிடிப்பது எவ்வளவு சகஜம் என்று. அந்த வகையில் இது சாதாரண முடிவு அல்ல.

ஷெர் பிறகு ஜெர்மன் பனிச்சறுக்கு அணியின் மருத்துவராகவும் இருந்தார். 2018-ல் தென்கொரியாவின் பியோங்சாங்கில் நடந்த குளிர்கால ஒலிம்பிக்ஸுக்கு ஜெர்மன் வீரர்களுக்காக 3,500 லிட்டர் ஆல்கஹால் இல்லாத பீரை ஒரு பீர் நிறுவனம் அனுப்பியது. ஜெர்மனி 14 தங்கம் வென்றது. அவ்வளவுதான், 'ஜெர்மனிக்காரன் பீர் குடிச்சே ஜெயிச்சான்' என்று செய்தி உலகமெங்கும் ஓடியது. (அதே 14 தங்கத்தை நார்வேயும் வென்றது. மொத்தப் பதக்கப் பட்டியலிலும் நார்வேதான் முதலிடம்.)

இப்போது நுணுக்கமாகப் பார்ப்போம். மியூனிக் சோதனைக்குப் பணம் கொடுத்தது எர்டிங்கர் என்ற பீர் நிறுவனம். அதை ஆய்வாளர்கள் மறைக்கவில்லை, வெளிப்படையாகவே சொல்லியிருக்கிறார்கள். நிறுவனப் பணம் என்பதாலேயே முடிவு பொய் என்றாகாது. இரட்டை மறைப்பு முறையில், நூற்றுக்கணக்கான பேரை வைத்து நடந்த நல்ல சோதனைதான். ஆனால் அது எதைச் சோதித்தது என்று கவனியுங்கள். ஓடி முடித்ததும் ஒரு கேன் குடித்தால் கால்வலி போகுமா என்பதை அல்ல. தசை எவ்வளவு சீக்கிரம் தேறுகிறது என்பதை அல்ல. மூன்று வாரம் முன்பிருந்தே தினமும் லிட்டர் கணக்கில் பாலிஃபினால் உள்ளே போனால், மாரத்தான் மாதிரியான பெரிய உலுக்கலை உடம்பு எப்படித் தாங்குகிறது என்பதைத்தான். அதுவும் ஆண்களிடம் மட்டும்.

இந்தியாவில் ஒரு ஜீரோ பீர் கேன் நூறு ரூபாயை ஒட்டி விற்கிறது, சில இடங்களில் கூடுதல். 330 மில்லி கேனில் நாளுக்கு ஒன்றரை லிட்டர் என்றால் நாலு கேனுக்கு மேல். ஐந்து வாரத்துக்குக் கணக்குப் போட்டால் பதினாலாயிரம் ரூபாயைத் தாண்டும். அந்தக் காசுக்கு நல்ல சைக்கிள் ஒன்று செகண்ட் ஹேண்டில் கிடைக்கும்.

வியர்வையில் போனது என்ன?

உடற்பயிற்சிக்குப் பிறகு உடம்பு கேட்பது சிக்கலான விஷயம் இல்லை. போன தண்ணீர், போன உப்பு, தீர்ந்த மாவுச்சத்து, தசையைச் சரிசெய்யப் புரதம். இந்த நாலையும் ஒவ்வொன்றாக ஜீரோ பீரோடு பொருத்திப் பார்க்கலாம்.

தண்ணீரில் தொடங்குவோம். எவ்வளவு வியர்த்தீர்கள் என்று தெரிந்துகொள்ள ஸ்மார்ட் வாட்ச் தேவையில்லை, எடைபார்க்கும் மெஷின் போதும். கிளம்பும் முன் ஒரு தடவை, வந்து துடைத்துக்கொண்டு ஒரு தடவை. குறைந்த ஒவ்வொரு கிலோவும் ஏறக்குறைய ஒரு லிட்டர் தண்ணீர். வழியில் குடித்ததையும் அதோடு கூட்டிக்கொள்ள வேண்டும். கீரிப்பாறை மாதிரி ஈரக்காற்று உள்ள இடத்தில் வேகமாக மிதித்தால் மணிக்கு ஒரு லிட்டர் போவது பெரிய ஆச்சரியம் இல்லை. அமெரிக்க விளையாட்டு மருத்துவக் கல்லூரி, சீக்கிரம் பழைய நிலைக்கு வரவேண்டும் என்றால் குறைந்த ஒரு கிலோவுக்கு ஒன்றரை லிட்டர் வரை குடிக்கச் சொல்கிறது. குடித்ததில் ஒரு பகுதி சிறுநீராகப் போய்விடும், அதனால் அந்தக் கூடுதல்.

தண்ணீரைப் பொறுத்தவரை ஜீரோ பீர் பாஸ். அதில் பெரும்பகுதி தண்ணீர்தான். குளிர்ச்சியாக, லேசான கசப்போடு இருப்பதால், வெறும் தண்ணீர் இறங்காதவர்களுக்குக்கூட இது இறங்கும். ஒரே தொல்லை கேஸ். வயிறு சீக்கிரம் நிறைந்துவிடும், வேண்டிய அளவு குடிக்க முடியாது.

அடுத்து உப்பு. இங்கேதான் கதை மாறுகிறது. ஒரு லிட்டர் வியர்வையில் சுமார் ஒரு கிராம் சோடியம் போகிறது. சிலருக்கு அரை கிராம், 'உப்பு வியர்வை'க்காரர்களுக்கு ஒன்றரை கிராமுக்கும் மேல். கறுப்பு டீ-ஷர்ட் காய்ந்ததும் வெள்ளை வெள்ளையாகக் கோடு விழுகிறதா? நீங்கள் அந்தக் கட்சி. இப்போது கேனைத் திருப்பி லேபிளைப் படியுங்கள். பெரும்பாலான ஜீரோ பீர்களில் ஒரு முழுக் கேனிலும் சோடியம் சில பத்து மில்லிகிராமைத் தாண்டாது. ஒரு லிட்டர் வியர்வையில் போனதை ஈடுகட்ட வேண்டும் என்றால் முப்பது கேனாவது குடிக்க வேண்டிவரும். அதே வேலையை அரை டீஸ்பூனுக்குக் கொஞ்சம் குறைவான சமையல் உப்பு செய்துவிடும்.

சிலியில் நடந்த ஓர் ஆய்வை இங்கே சிலர் காட்டுவார்கள். 2016-ல் வெளிவந்தது. கால்பந்து வீரர்கள் விளையாடுவதற்கு முன்பு ஆல்கஹால் இல்லாத பீர் குடித்தபோது ரத்தத்தில் சோடியம் குறையவில்லை, தண்ணீர் குடித்தபோது குறைந்தது என்று அது சொன்னது. கவனிக்கவும்: குடித்தது விளையாட்டுக்கு முன்பு, கலந்துகொண்டவர்கள் ஏழே பேர். அதை வைத்து 'ஓடிய பிறகு குடி' என்று சொல்வது கொஞ்சம் இழுத்துக் கட்டுவது.

உப்பு விஷயத்தை ஏன் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன் என்றால், இதில் உயிர் ஆபத்தும் இருக்கிறது. நீண்ட தூரம் ஓடும்போது, உப்பில்லாத பானத்தை லிட்டர் கணக்கில் குடித்துக்கொண்டே போனால் ரத்தத்தில் சோடியம் நீர்த்துப்போகும். தலைவலி, குமட்டல், குழப்பம், கடைசியில் வலிப்பு. 2002 பாஸ்டன் மாரத்தானில் 488 பேரின் ரத்தத்தைப் பரிசோதித்தார்கள். அதில் 13 சதவீதம் பேருக்குச் சோடியம் இயல்பைவிடக் குறைந்திருந்தது. அவர்கள் நினைத்தது என்னவோ 'நிறையத் தண்ணீர் குடிக்கிறோம், சேஃப்' என்றுதான். தாகத்துக்கு ஏற்பக் குடிப்பதும், கூடவே உப்பு உள்ளே போவதும் அதனால்தான் முக்கியம். ரத்தக்கொதிப்புக்கு மருந்து சாப்பிடுபவர்கள் மட்டும் உப்பை இஷ்டத்துக்குக் கூட்டாமல் மருத்துவரிடம் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்றாவது, மாவுச்சத்து. ஜீரோ பீரில் பெரும்பாலும் 100 மில்லிக்கு 5 கிராமை ஒட்டி இருக்கும். ஒரு கேனுக்குப் பதினாறு, பதினேழு கிராம். இரண்டு சின்ன மட்டிப்பழம் சாப்பிட்டாலே அதற்கு மேல் கிடைக்கும். (கன்னியாகுமரி மட்டிப்பழத்துக்கு 2023-ல் புவிசார் குறியீடு கிடைத்தது, பெருமைக்குச் சொல்லி வைக்கிறேன்.) நாலாவது, புரதம். ஒரு கேனில் ஒரு கிராம் தேறினால் அதிகம். கடினமான பயிற்சிக்குப் பிறகு தசைக்கு வேண்டியது 20 கிராம் அளவில். ஆக, நாலில் ஒன்றில் நல்ல மார்க், ஒன்றில் சுமார், இரண்டில் ஃபெயில்.

அப்படியானால் ஏமாற்றா? இல்லை

ஜீரோ பீரை எதோடு ஒப்பிடுகிறோம் என்பதில்தான் விஷயமே இருக்கிறது. ஓ.ஆர்.எஸ். கரைசலோடும் கஞ்சியோடும் ஒப்பிட்டால் தோற்கும். ஆனால் நிஜ பீரோடு ஒப்பிட்டால்?

1997-ல் பிரிட்டனில் ஷிரெஃப்ஸ், மோகன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் வியர்க்க வியர்க்கப் பயிற்சி செய்யவைத்து, பிறகு 0, 1, 2, 4 சதவீத ஆல்கஹால் உள்ள பானங்களைக் கொடுத்துப் பார்த்தார்கள். ஒன்று, இரண்டு சதவீதத்தில் பெரிய வித்தியாசம் இல்லை. நாலு சதவீதத்தில் உடம்பு இழந்த நீரைத் திரும்பப் பெறுவது தாமதமானது. நம் ஊரில் விற்கும் பீர்களில் பல அதற்கும் மேலே. 'ஸ்ட்ராங்' வகைகள் இரண்டு மடங்கு வரை போகும். 2014-ல் ஆஸ்திரேலியாவில் நடந்த இன்னோர் ஆய்வில், பயிற்சிக்குப் பிறகு நிறைய மது குடித்தபோது தசையில் புதுப் புரதம் உருவாவது குறைந்தது. கூடவே புரதம் எடுத்தவர்களுக்கே சுமார் 24 சதவீதம் குறைவு. அதில் கொடுத்த மது மிக அதிகம், ஒரு பெரிய பார்ட்டி இரவு அளவுக்கு. ஒரு பீருக்கு இந்தக் கணக்கைப் பொருத்தக் கூடாது. ஆனால் ஜிம்மில் இரும்பு தூக்கிவிட்டு சனிக்கிழமை ராத்திரி பார்ட்டிக்குப் போகிறவர்கள் இதை ஞாபகம் வைத்துக்கொள்ளலாம்.

கீரிப்பாறையில் இந்தக் கேள்வி ஹெல்மெட் போட்ட எங்களை மாதிரி ஆட்களோடு முடிந்துவிடுவதில்லை. இது அரசு ரப்பர் கழகத்தின் தோட்டங்கள் உள்ள பகுதி. பால் வெட்டுகிறவர்களுக்கு விடியும் முன்பே வேலை தொடங்கிவிடும். வெயில் ஏறுவதற்குள் வெட்டினால்தான் பால் நன்றாக வடியும். சரிவில் மரம் மரமாக ஏறி இறங்கி, குனிந்து பட்டை சீவி, சிரட்டையைச் சரிசெய்து, ஒரு நாளைக்கு முன்னூறு மரம் என்பது சாதாரணம். பிறகு பாலைச் சேகரித்துச் சுமக்க வேண்டும். இதை யாரும் 'ஒர்க்-அவுட்' என்று சொல்வதில்லை. வாட்ச்சில் கலோரி ஏறுவதில்லை. ஆனால் உடம்பு இழப்பது அதே தண்ணீர், அதே உப்பு.

மலையோர ஊர் எதுவாக இருந்தாலும், கட்டட வேலை, சுமட்டு வேலை எதுவாக இருந்தாலும் நாம் எல்லோரும் கேட்டிருக்கும் வசனம் ஒன்று உண்டு: "உடம்பு வலிக்குக் கொஞ்சம் போட்டாத்தான் நாளைக்கு எழும்ப முடியும்." கேலி செய்ய வேண்டிய வசனம் அல்ல. வலி நிஜம். மது அதை ஒரு மணி நேரம் மரத்துப்போகச் செய்வதும் நிஜம். ஆனால் அந்த இரவில் உடம்புக்குள் நடப்பது வேறு: சிறுநீர் அதிகம் போகும், ஆழ்ந்த தூக்கம் கெடும், சாப்பாடு குறையும், தசை தேறுவது பின்தங்கும். காலையில் எழும்போது வலி கூடியிருக்கும். அதற்கு மறுபடியும் 'கொஞ்சம்'. இதுதான் சுழல்.

இந்த இடத்தில் மட்டும் ஜீரோ பீருக்கு நான் முழு மார்க் கொடுப்பேன். பழக்கம் என்பதில் பாதி கைக்கும் நாக்கிற்கும் உரியது. வேலை முடிந்த களைப்பு, குளிர்ந்த பாட்டில், கசப்பு, நாலு பேர் கூட்டம். இவை எல்லாவற்றையும் வைத்துக்கொண்டு ஆல்கஹாலை மட்டும் எடுத்துவிட முடியும் என்றால், வாரத்துக்கு இரண்டு நாள் பீர் அடிக்கும் ஐ.டி. இளைஞனுக்கு அது லாபம்தான். கிழக்கு ஜெர்மனியில் 1970களில் ஆல்கஹால் இல்லாத பீர் விற்பனைக்கு வந்ததே கார் ஓட்டுபவர்களுக்காகத்தான், ஓட்டப்பந்தய வீரர்களுக்காக அல்ல. பீருக்குப் பதில் என்பதுதான் அதன் பிறவி வேலை. மருந்து என்ற வேஷம் பிறகு போட்டது.

நூறு ரூபாய்க்கு விற்பதால் தோட்டத் தொழிலாளிக்கு அது பதிலாகாது என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

அக்கானியும் கஞ்சியும் பயறும்

டீக்கடை அண்ணாச்சியின் ஒப்பீட்டுக்கு வருவோம். அக்கானியில் சர்க்கரை தோராயமாகப் பத்து, பன்னிரண்டு சதவீதம். விளையாட்டுப் பானங்களில் ஆறு முதல் எட்டு சதவீதம்தான் வைப்பார்கள். அதைவிட அடர்த்தி கூடினால் வயிற்றில் இருந்து இறங்கத் தாமதமாகும், சிலருக்குக் குமட்டும். ஆகவே நிறைய வியர்த்த உடனே அக்கானியை மட்டும் மடமடவென்று குடிக்காமல், சரிபாதி தண்ணீர் சேர்த்தோ, முதலில் ஒரு செம்பு தண்ணீர் குடித்துவிட்டோ குடித்தால் நல்லது. ஒரு கல் உப்பு போட்டால் இன்னும் நல்லது, ருசி கொஞ்சம் கெடும். சீசன் தை, மாசியில் தொடங்கி ஆனி வரை. சுண்ணாம்பு சரியாக இல்லாத அக்கானி வெயிலில் நேரம் ஆக ஆகப் புளிக்கும். வாயில் சுருக்கென்று நுரைத்தால் அது அக்கானி இல்லை. தமிழ்நாட்டில் கள் இறக்க 1987 முதல் தடை என்பதால், பனையேறிகளுக்கு இது சட்டப் பிரச்சினையும்கூட.

இளநீர்? பொட்டாசியம் தாராளம், சோடியம் குறைவு. வியர்வையில் முக்கியமாகப் போவது சோடியம் என்பதால், இளநீரோடு உப்பிட்ட ஏதாவது ஒன்றைச் சாப்பிட வேண்டும். உப்புப் போட்ட மோர் இந்த வரிசையில் மேலே நிற்கும். தண்ணீர், உப்பு, கொஞ்சம் புரதம், விலை சொற்பம்.

பாலைப் பற்றி ஒரு தகவல் பலருக்கு வியப்பாக இருக்கும். 2016-ல் மோகனும் அவர் குழுவினரும் 72 ஆண்களுக்குப் பதிமூன்று பானங்களைக் கொடுத்து, எது உடம்பில் அதிக நேரம் தங்குகிறது என்று அளந்தார்கள். பயிற்சி செய்யாமல் ஓய்வாக இருந்தவர்களிடம் நடந்த அளவீடு அது. தண்ணீரைவிட நன்றாகத் தங்கியவை ஓ.ஆர்.எஸ்., கொழுப்புள்ள பால், கொழுப்பு நீக்கிய பால், ஆரஞ்சு ஜூஸ். லாகர் பீர் தண்ணீரை ஒட்டியே இருந்தது, விளையாட்டுப் பானமும் அப்படித்தான். புரதமும் உப்பும் சர்க்கரையும் சேர்ந்தால் தண்ணீர் மெதுவாக இறங்கும், சிறுநீராக ஓடிவிடாது.

அதே தத்துவம்தான் நம் மாவட்டத்துக் கஞ்சியும் பயறும். சோற்றுக்கஞ்சியில் உப்பு, வேகவைத்த சிறுபயறு, தேங்காய்த் துவையல், சுட்ட அப்பளம். நூறு கிராம் உலர்ந்த சிறுபயறில் புரதம் 24 கிராம். ஒரு பெரிய கிண்ணம் பயறும் வயிறு நிறையக் கஞ்சியும் சேர்ந்தால் மேலே சொன்ன நாலு கணக்கும் ஒரே தட்டில் முடிந்துவிடும். மலையோரத்தில் விடியலில் வேலைக்குப் போய் ஒன்பது, பத்து மணிக்குக் கஞ்சி குடித்தவர்கள் யாரும் இன்டர்லூகின் பற்றிப் படித்தவர்கள் அல்ல. ஆனால் தட்டில் என்ன இருக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

ஓ.ஆர்.எஸ்.: வாங்கும்போது ஒரு எச்சரிக்கை

தலை சுற்றல், தசைப்பிடிப்பு, வாந்தி என்று போனால் பீர், பால், கஞ்சி எல்லாவற்றையும் விட்டுவிட்டு ஓ.ஆர்.எஸ். பாக்கெட்டைப் பிரியுங்கள். உலகச் சுகாதார நிறுவனத்தின் அளவுப்படி ஒரு லிட்டருக்கு 2.6 கிராம் உப்பும் 13.5 கிராம் குளுக்கோஸும், கூடவே பொட்டாசியம் குளோரைடும் சிட்ரேட்டும் இருக்கும். 1971-ல் வங்கதேசப் போர் அகதிகள் முகாமில் காலரா பரவியபோது, கொல்கத்தா மருத்துவர் திலீப் மகலநாபிஸ் இந்தக் கரைசலைக் கொடுத்து ஆயிரக்கணக்கானோரைக் காப்பாற்றினார். அவர் இறந்த பிறகு, 2023-ல், பத்ம விபூஷண் வழங்கப்பட்டது. கண்டுபிடிப்பு அவ்வளவு பெரியது, பாக்கெட் அவ்வளவு சின்னது.

ஆனால் கடையில் 'ஓ.ஆர்.எஸ்.' என்ற மூன்று எழுத்தைப் பெயரில் ஒட்டிக்கொண்டு சர்க்கரைப் பானங்கள் வருடக்கணக்கில் விற்றன. 2025 அக்டோபரில் உணவுப் பாதுகாப்பு ஆணையம் அதற்குத் தடை போட்டது. டெட்ரா பேக் வேண்டாம், மருந்துக்கடையில் பொடிப் பாக்கெட் கேளுங்கள். குறிப்பிட்ட அளவு தண்ணீரில் முழுப் பாக்கெட்டையும் கரையுங்கள். நினைவு தடுமாறினாலோ, உடம்பு கொதித்தாலோ அது வீட்டு வைத்தியம் பார்க்கும் நேரமில்லை, 108-க்கு அழையுங்கள்.

ஜீரோ பீர் யாருக்கு வேண்டாம்?

மதுவை விட்டு மீண்டுகொண்டிருப்பவர்களுக்கு முதலில் வேண்டாம். ஆல்கஹால் இல்லையே என்று நினைக்கலாம். ஆனால் அந்த வாசனை, அந்தக் கசப்பு, கேனைத் திறக்கும் சத்தம், இவைதான் மூளையில் பழைய ஏக்கத்தை எழுப்பும் மணிகள். குடும்பத்தில் ஒருவர் அப்படி மீண்டு வருகிறார் என்றால், ஃப்ரிட்ஜில் இதை வாங்கி அடுக்குவதும் வேண்டாம். மது விடுவதற்கான டைசல்ஃபிராம் மாத்திரை எடுப்பவர்கள் 0.5 சதவீத வகைகளின் பக்கமே போகக் கூடாது, துளி ஆல்கஹாலும் வினையாகலாம். கர்ப்பிணிகள் தவிர்த்துவிடுவது நல்லது. சர்க்கரை நோயாளிகள் மால்ட் சர்க்கரையைக் கணக்கில் சேர்க்க வேண்டும், அது ரத்தத்தில் சட்டென்று ஏறும். யூரிக் அமிலம் கூடிக் கட்டைவிரல் வீங்கிய அனுபவம் உள்ளவர்களுக்கும் பீர் வகைகள், ஜீரோவானாலும், ஆகாது.

மற்றவர்கள் ஆசைப்பட்டால் குடிக்கலாம். லேபிளில் 'நொதிக்க வைத்தது' என்று இருக்கிறதா, 100 மில்லிக்குச் சர்க்கரை எவ்வளவு என்று பாருங்கள். எட்டு, பத்து கிராம் என்றால் அது பீர் வேஷம் போட்ட கூல் டிரிங்க். குடிக்கும்போது கூடவே உப்புக் கடலையோ அவித்த முட்டையோ எடுத்துக்கொள்ளுங்கள், கேனில் இல்லாதது அதில் இருக்கிறது.

எங்கள் நண்பன் அன்றைக்குக் கேனை முடித்துவிட்டு, பாதி வழி திரும்பி வருவதற்குள் தொடையில் பிடிப்பு வந்து சாலையோரம் உட்கார்ந்துவிட்டான். உப்புக் குறைவா, களைப்பா, லீவில் வந்தவனுக்குப் பயிற்சி போதவில்லையா என்று சொல்ல முடியாது. தசைப்பிடிப்புக்கு ஒரே காரணம் கிடையாது. பக்கத்து வீட்டு அக்கா ஒரு செம்பு மோர் கொடுத்தார். கல் உப்பு சரியாகக் கரையாமல் அடியில் கிடந்தது. அவன் அதையும் வழித்துக் குடித்தான்.